மெஷின் பார்த்த கத்தி

"அந்த இடத்துலேயே நில்லும்மா! இடுப்புல கத்தி!"

தங்கதுரை போட்ட சத்தத்தில் முதல் ஷிஃப்டுக்கு வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஓசூர் சிப்காட்டில் அந்தக் கம்பெனியின் செக்யூரிட்டி ஆபீசர் அவர். போன வாரம் எவனோ சூப்பர்வைசரிடம் கத்தியை நீட்டிவிட்டான் என்று, பெங்களூரிலிருந்து சோதனைக்கு ஒரு மெஷினை வரவழைத்திருந்தார்கள். இருபதடி தள்ளி நின்றாலே போதும், துணிக்குள் இருக்கும் ஆயுதத்தைத் திரையில் காட்டிவிடுமாம். மனுஷன் காலையிலிருந்து அதைவிட்டு நகரவே இல்லை.

மாட்டியது ட்ரெய்னி ஜோதிமணி. நாளைக்கு அவளுக்கு வேலை நிரந்தரமாகிற ஆர்டர் வரவேண்டும். கத்தி என்று ரிப்போர்ட் போனால் எல்லாம் போச்சு.

அதற்காகப் பயந்து நிற்கிற ஆளா அவள்?

"துணிக்குள்ள இருக்கறது உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"அதான் திரையில தெரியுதே!"

"அப்ப காலையிலிருந்து எங்க அத்தனை பேரையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்களா? எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தங்கதுரைக்கு வேர்த்தது. "ஐயோ, நிழல் மாதிரிதாம்மா தெரியும்!"

"அப்ப நீங்க போய் நில்லுங்க சார். உங்க நிழலை நாங்க பாக்கறோம்."

பெண்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. தங்கதுரை அவசரமாகப் பெண் காவலாளி முனிலட்சுமியைக் கூப்பிட்டார். "நீயே உள்ளே கூட்டிட்டுப் போய் செக் பண்ணும்மா."

இரண்டு நிமிடத்தில் முனிலட்சுமி வெளியே வந்தாள். "கத்தியும் இல்ல, கித்தியும் இல்ல சார். பொம்பளைங்க சமாச்சாரம். என்ன ஏதுன்னு விவரமா ரிஜிஸ்டர்ல எழுதட்டுங்களா?"

"வேணாம் தாயே, வேணாம்!" மெஷினின் வயரை அவரே பிடுங்கினார். "இதை இப்பவே திருப்பி அனுப்பிடறேன்."

கூட்டம் கலைந்தது. ஜோதிமணி முனிலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"முழுகாம இருக்கேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஆர்டர் தராம வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அக்கா. காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு எங்க அத்தைதான் இந்தக் கத்தியைச் சொருகிவிட்டாங்க. எனக்காகப் போய் பொய் சொல்லிட்டீங்களே!"

"உனக்காக யாரு சொன்னா? மத்தியானம் காவலாளிங்களையும் அந்த மெஷின் முன்னால நிறுத்தறதா இருந்தாரு" என்ற முனிலட்சுமி, காக்கிச் சட்டைக்கு மேலாகத் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "எனக்கு மூணாவது மாசம். எங்க மாமியார் பாக்குவெட்டியே குடுத்துவிட்டிருக்காங்க."