கப்பலில் வந்த எஞ்சின்

நியாவிரா சாவியைத் திருப்பினாள். செல்ஃப் மோட்டார் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை.

"ஏ பொம்பள, நிறுத்து! பேட்டரியும் செத்துடப் போகுது" என்று காதோகோ கத்தினார். நகுரு மெக்கானிக் சந்தையின் தலைவர் அவர். சுட்ட சோளத்தைக் கடித்தபடி, சாட்சிக்கு ஒரு போலீஸ்காரரையும் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்.

பக்கத்து ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஒடோங்கோவுக்கு ஆத்திரமாக வந்தது. தலைவர் தன் கிழட்டு லேண்ட் ரோவரையும், கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீச்சும் ஒரு ஜப்பான் எஞ்சினையும் கொண்டுவந்து மெக்கானிக் நியாவிராவிடம் தள்ளியிருந்தார். அந்த எஞ்சினை வண்டியில் ஏற்றி, ஒயரிங் முடித்து, இன்று மதியத்துக்குள் அவள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் அவளுடைய ஷெட் தலைவரின் மச்சானுக்கு. மச்சான் இப்போதே போர்டு எழுதக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு.

நியாவிராவின் வேலையில் ஒடோங்கோவுக்குக் குறை தெரியவில்லை. கலர் கலராகத் தொங்கிய ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, டேப் சுற்றிக் கட்டியிருந்தாள். ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"தலைவரே, இந்த எஞ்சினோட மூளைப் பெட்டிக்குத் தன்னோட பழைய சாவியைத்தான் தெரியும். அந்தச் சாவி கிட்ட வந்தாத்தான் பெட்ரோல் விடும். அது எங்க?"

"என் வண்டிச் சாவிதான் தொங்குதே. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அது செல்ஃபைத்தான் சுத்தும். எஞ்சினோட வந்த சாவியைக் கேக்கறேன். இதை எங்க வாங்கினீங்க?"

"மொம்பாசா துறைமுகத்துல. ஜப்பான்ல இருந்து வந்த பெட்டியை நானே கூட நின்னு உடைச்சேன். எனக்கு முன்னாடி இந்த நாட்டுல ஒருத்தன் கை அதுல படல. போலீஸ்காரர் முன்னாடியே சொல்றேன், போதுமா?" தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "எஞ்சினுக்குச் சாவியாம்! சொந்த பிக்கப்பைத் திருடனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு நடந்து வர்றவ இவ. இவகிட்ட என் வண்டியை விட்டேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

கூட்டத்தில் இரண்டு பேர் பல்லைக் காட்டினார்கள். ஒடோங்கோ முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தான்.

"வாயை அளந்து பேசுங்க. அந்த வண்டி போனதுல இருந்து அவ வீட்டு அடுப்பு இந்த ஷெட்டாலதான் எரியுது."

"நீ உன் கம்பியைப் பாரு. இல்லாட்டி அடுத்தது உன் ஷெட்டுதான்."

ஒடோங்கோ இரண்டடி பின்வாங்கினான். பின்வாங்கியதற்காகத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு அழைத்தார்கள். தலைவர் சோளக் கட்டையை வீசிவிட்டுக் கையை நீட்டினார்.

"நேரம் முடிஞ்சுது. கழுத்துல தொங்குற ஷெட் சாவியைக் கழட்டு. நானே பூட்டறேன்."

நியாவிரா கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றினாள். ஒடோங்கோவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுபடி செல்ஃப் சுற்றும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினான். நீட்டிய கையோடு தலைவர் அப்படியே நின்றார். நியாவிரா வண்டிக்குள் இருந்தாள். கயிற்றில் ஷெட் சாவியோடு கிடந்த கறுப்புத் தலைச் சாவியை, விளக்கை ஒட்டித் தான் பொருத்தியிருந்த, சாவியை அடையாளம் காணும் வளையத்தில் பிடித்திருந்தாள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

எஞ்சின் ஒரே உறுமலில் உயிர் பெற்றது. சந்தையே விசிலடித்தது. ஒடோங்கோ பக்கத்தில் நின்றவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தான்.

தலைவருக்கு மச்சான் போர்டெல்லாம் மறந்தே போனது. பானெட்டைத் தட்டித் தட்டிச் சந்தோஷப்பட்டார். அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்தது.

"சாவியை வச்சுக்கிட்டேவா இத்தனை நாடகம்? ஏதுடி உனக்கு இந்தச் சாவி?"

நியாவிரா அவரைப் பார்க்கவே இல்லை. கீழே இறங்கி வந்து, அதைப் போலீஸ்காரர் கையில் வைத்தாள்.

"திருட்டுப்போன என் பிக்கப்போட சாவி, ஐயா."