தீபாவளிக்குக் கழற்றிய வளையங்கள்

வாழ்க்கையில் எது முக்கியம் என்று கைவளையத்திடம் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். அதற்கு ஒத்த முடிவென்றால் வளையம் வெதுவெதுப்பாகும்; ஒவ்வாததென்றால் குளிரும். அதை நம்பித்தான் பூங்குழலி கப்பல் வேலைக்கு ஒப்புக்கொண்டாள். கணவன் நந்தகோபனும் தன் வளையத்தை நம்பி வேலையை விட்டுக் குழந்தையோடு வீட்டில் இருந்தான்.

கிளம்பும் காலையில் முகம் கழுவக் கழற்றியபோதுதான் வளையத்தின் உட்புறம் அவன் பெயரைப் பார்த்தாள்.

"நந்தா, தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சப்போ மாத்திப் போட்டுக்கிட்டோம்டா!"

"அதான் எனக்குத் தோசை சுடற ஆசை வந்துச்சா?" சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "அப்போ கப்பலுக்குப் போகணும்னது நானா?"

அவன் கையிலிருந்த தன் வளையத்தை வாங்கி அணிந்து, போகலாம் என்று நினைத்தாள். குளிர்ந்தது. கழற்றினாள். ஆனாலும் போகத்தான் ஆசையாக இருந்தது.

"இந்த ஆசை யாருதுடா?"

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அவன் குழந்தையை இடுப்பில் ஏற்றி, மறு கையால் அவள் பெட்டியைத் தூக்கினான்.