உமையாள் ஆச்சியின் பூட்டு

உச்சி வெயில். கண்டனூரின் அந்தப் பெரிய வீட்டில் தூண்களெல்லாம் லாரி ஏறிவிட்டன. முற்றத்தைச் சுற்றியிருந்த பங்காளிகளின் அறைகள் காரைக்குவியலாகக் கிடக்கின்றன. உமையாள் ஆச்சியின் அறைக்கதவு மட்டும் பித்தளைப் பூட்டோடு நிற்கிறது. கூரையில்லை, பக்கச்சுவரில் பாதியில்லை. "ஒருத்தவுக பூட்டை இன்னொருத்தவுக தொடக்கூடாதுன்னு ஒங்க கொழுந்தனார் சொல்லிட்டுப் போனாக. அதான் கதவை விட்டு வச்சோம்," என்கிறான் வீட்டை இடிக்கும் மாயக்கண்ணன். "இங்குட்டுச் சுவர் வழியாவே உள்ள போயிரலாம் ஆச்சி." கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்ததில் ஆச்சிக்குக் கால் வீங்கியிருக்கிறது. கல்லிலும் காரையிலும் தடுமாறிக் கதவுக்கே போகிறாள். மடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, வழக்கம்போல் நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து நுழைகிறாள். கல்யாணமாகி வந்த அன்று அவளுக்கென்று ஒதுக்கிய அறை. ஆணியில் தொண்ணூற்றிரண்டாம் வருஷக் காலண்டர் காற்றில் படபடக்கிறது. அறைக்குள் இதுவரை காற்று வந்ததேயில்லை. அண்ணாந்து பார்க்கிறாள். வெறும் வானம். கண் கூசுகிறது. கடப்பாரைகள் சும்மா நிற்கின்றன. ஆச்சி வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள், பூட்டுகிறாள், பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்க்கிறாள். சாவியை மடியில் செருகிக்கொள்கிறாள்.

"இனி இடிச்சுக்கப்பா."