கவர் பிரிக்காத கண்ணாடி

டிவிக் கடையில் பிளாஸ்மாவுக்கும் எல்.இ.டி.க்கும் ஓயாத சண்டை.

"3டி படத்து மீன் என் திரையிலதான் பார்க்கிறவங்க மூக்கு வரைக்கும் வரும்" என்றது பிளாஸ்மா.

"என் வெளிச்சத்துக்கு முன்னால நீ எம்மாத்திரம்?" என்றது எல்.இ.டி.

பாத்திரக்கடை தணிகாசலம் அங்கிருந்த 3டி கண்ணாடியைப் போட்டு இரண்டையும் பார்த்தார். எல்.இ.டி.யில் பாய்ந்த மீனுக்குப் பயந்து குனிந்தவர், அதையே வாங்கினார். அதற்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டிலோ ஓடியதெல்லாம் மாமியார் மருமகள் சீரியல்தான். ஆறு மாதம் பொறுத்த எல்.இ.டி., தன்னோடு இலவசமாக வந்து எதிரே ஷோகேஸில் உட்கார்ந்திருந்த 3டி கண்ணாடியிடம் கேட்டது:

"நீயாவது சொல்லு, என் திரையில மீன் நல்லாப் பாயும்தானே?"

"எனக்கெப்படிங்க தெரியும்? கீறல் விழும்னு என்னை இன்னும் கவரை விட்டே எடுக்கலையே!"