மங்கலாகவே இருக்கட்டும்

“கண்ண மட்டும் மங்கலாவே விட்டுடுங்க அண்ணி” என்றான் என் கொழுந்தன், மறுபடியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவன் எடுத்த பச்சைக்கிளிப் படத்தோடு கணினியில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இறகுக்கு நிறம் ஏற்றியாயிற்று. பின்னணியில் இருந்த புள்ளிகளைத் துடைத்தாயிற்று.

“பறவைப் படத்துக்கு உயிரே கண்ணுதான்டா. அது தெளிவா இல்லன்னா நடுவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.”

“பரவாயில்ல. காட்டுல எடுத்தது, இயல்பா இருக்கட்டும். நாள் பூரா குப்புறப் படுத்துக் கிடந்து எடுத்தேன் அண்ணி. முழங்கையெல்லாம் தேஞ்சு போச்சு.”

“அவ்வளவு பாடும் வீணாப் போகணுமா?”

“சொன்னதச் செய்யுங்களேன்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ போடப் போனான்.

காட்டுப் பறவைகள் போட்டிக்கு அனுப்ப இன்றுதான் கடைசி நாள். படம் சொதப்பினால் திருத்திய என் மானம்தான் போகும். அவன் வருவதற்குள் கண்ணைப் பெரிதாக்கி, தெளிவைக் கூட்டினேன்.

கருவிழிக்குள் வரிசையாகக் கூண்டுக் கம்பிகள் தெரிந்தன.

கம்பிகளுக்கு அப்பால், கேமராவும் கையுமாக என் கொழுந்தன். அவன் சொன்னது பொய்யில்லை. குப்புறப் படுத்துத்தான் கிடந்தான், சோபாவில்.