ஷெரீஃபுக்குத் தொண்டைக்கட்டு

"மஃப்ளரை நல்லா சுத்திக்கோ. யார் என்ன கேட்டாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டு, தலையை ஆட்டு. அவ்வளவுதான்" என்றார் தயாரிப்பாளர் மார்ட்டி ப்ளூம். ஹாலிவுட்டில் அன்று மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பளி மஃப்ளருக்குள் நிக்கி ஃபெராண்டோ வெந்துகொண்டிருந்தான்.

அவன் தொண்டைக்கு ஒன்றுமில்லை. ரேடியோவைத் திருகினால் அவன் பாட்டுத்தான். பெண்பிள்ளைகள் மயங்கி விழும் தொண்டை அது. ஆனால் ப்ரூக்ளின் மீன் சந்தையில் வளர்ந்த பிள்ளை, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

அவனுக்கு இது முதல் படம். கௌபாய் படம், பாட்டே கிடையாது, டெக்சாஸ் ஷெரீஃப் வேஷம். பத்திரிகைக்காரர்களுக்கான காட்சி இப்போதுதான் முடிந்து, எல்லோரும் தியேட்டர் முன்கூடத்தில் இறாலும் ஷாம்பெயினுமாக நின்றிருந்தார்கள்.

விமர்சகி லெனோர் ப்ரூயிட் நல்லதாக நாலு வரி எழுதினால் அடுத்த மூன்று படமும் நிக்கிக்குத்தான். கடித்து வைத்தால் பழையபடி இரவு விடுதி மேடையே கதி. 'பாடகனுக்கு எதற்கு நடிப்பு?' என்று பூஜை போடும் முன்பே எழுதிய புண்ணியவதி அவள்.

"இவனை எதுக்குடா இழுத்துட்டு வந்தே?" மார்ட்டி பல்லைக் கடித்தார். நிக்கிக்குப் பின்னால், தொப்பியை மார்போடு அணைத்தபடி க்ளெட்டஸ் நின்றிருந்தான். டெக்சாஸ் மாட்டுப்பண்ணைக்காரன், படத்தில் நிக்கிக்குப் பதிலாகக் குதிரை ஓட்டியவன்.

"எனக்காவ குதிரையிலேர்ந்து வுழுந்து விலா எலும்பை ஒடைச்சுக்கினவன்பா. அவன் படம் பாக்க வேணாமா?" என்று நிக்கி கிசுகிசுத்தான்.

"பாத்தாச்சில்ல? இனிமே அவனும் வாயைத் திறக்கக் கூடாது. விஷயம் வெளிய போச்சுன்னா மூணு பேரும் நடுத்தெருவுலதான்."

க்ளெட்டஸ் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லெனோர் நேராக அவர்களிடம் வந்தாள். நிக்கி மஃப்ளரை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டான்.

"குதிரை மேல போனது நீ இல்லை. முதுகைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன்."

நிக்கியின் முகத்தில் ஈயாடவில்லை. மார்ட்டி வாயிலிருந்த இறாலை மெல்லவே மறந்தார். "மேடம், அது வந்து..."

"அட விடுங்க. எந்த ஹீரோ சொந்தமா குதிரை ஓட்டறான்? மூஞ்சியும் அப்படியொண்ணும் நடிக்கலை, மரக்கட்டை." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "ஆனா அந்தப் பேச்சு! கடைசி சீன்ல, செத்துக் கிடக்கிற தம்பிகிட்ட அவ்வளவு நிதானமா பேசினியே... எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சுப்பா. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஷெரீஃப் பேசி நான் கேட்டதில்லை. நாளைக்கு அதைத்தான் எழுதப் போறேன்."

"மூணு படம்!" என்று மார்ட்டி நிக்கியின் காதில் ஓதினார்.

நிக்கிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குரலை வைத்தே பிழைத்தவன் அவன். யார் பாராட்டியும் இப்படி அவனுக்கு வெட்கமாக இருந்ததில்லை. மறக்காமல் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான்.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மார்ட்டி கண்ணாலேயே கெஞ்சினார், பலிக்கவில்லை. க்ளெட்டஸ் தொப்பியைக் கசக்கியபடி, கண் கலங்க, லெனோர் முன்னால் வந்து நின்றான்.

"அவ்ளோ நல்லாவாங்கம்மா பேசியிருக்கறேன்?"