பெயர் தெரியாத மரம்

பேத்தி பூவைத் தின்றுவிட்டாள்.

பக்கத்து வீட்டு மரம். எங்கள் சுவர் தாண்டி வாசலெல்லாம் மஞ்சளாய்க் கொட்டும். நாலு வருஷமாய்ச் சண்டை.

"இது என்ன மரம்யா?" என்றால், "வீடு வாங்கும்போதே இருந்துச்சு, பேர் தெரியாது" என்பார் அந்த வீட்டுப் பூட்டுக்கடைக்காரர். பேர் தெரியாததை எதற்கு வளர்ப்பது?

"மாமா! இவ வாயெல்லாம் மஞ்சளா இருக்கு!" மருமகள் அலறினாள்.

தரையில் கிடந்த பூவைப் போனில் படம் எடுத்தேன். 'மஞ்சள் அரளி. எல்லாப் பாகமும் கடும் விஷம்' என்றது போன்.

பேத்தியை அள்ளிக்கொண்டேன். மருமகள்தான் ஆட்டோ பிடித்தாள்.

ஏறும்போது பார்க்கிறேன், சுவருக்கு அந்தப்பக்கம் அந்த ஆள் ஏணியில் நின்று கிளையை அறுத்துக்கொண்டிருக்கிறார்!

"யோவ், இங்க புள்ள உசிருக்குப் போராடுது. நீ சாட்சியை அழிக்கிறியா?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.

"ஏன், போலீஸ் எங்க வரும்னு தெரிஞ்சுக்கணுமா?"

"சண்டை அப்புறம் போடுங்க மாமா! பாலத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிங்க" என்றாள் மருமகள்.

பாதி வழியில் ஒரு ஸ்கூட்டர் எங்களை முந்திக்கொண்டு பறந்தது. அதே ஆள். முன்னால் ஒரு சாக்கு மூட்டை.

"ஓடுறான் பாரு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். என் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பூவை மட்டும் எடுத்திருக்கீங்க. இதே மாதிரி பூக்கிற வேற செடியும் இருக்கு. இலை எங்க? காய் எங்க?"

"அதெல்லாம் யாரும்மா பார்த்தா?"

"அரளின்னா ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. இல்லைன்னா இந்தச் சின்ன உடம்பை ஏன் படுத்தணும்? எது என்னன்னு எனக்குத் தெரியணும் சார்."

நர்ஸ் ஓடி வந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். டாக்டரம்மா வெளியே போனார்.

அந்தப் பத்து நிமிஷம் என் எதிரிக்கும் வேண்டாம்.

கதவு திறந்தது. டாக்டரம்மா கையில் ஒரு முழுக் கிளை.

"பாருங்க. இலை ஓரமெல்லாம் ரம்பப் பல்லு. காய் பீன்ஸ் மாதிரி நீளம். கிள்ளினா பால் வரலை. அரளி இல்லை சார். இது டெக்கோமா, அழகுக்கு வளர்க்கிறது. விஷ முறிவு மையத்துலயும் கேட்டுட்டேன், பயமில்லைன்னுட்டாங்க. ஈசிஜியும் நல்லா இருக்கு. சாயந்தரம் வரைக்கும் பார்த்துட்டு அனுப்பிடறேன்."

மருமகள் அழுதாள். பேத்தி பிஸ்கட் கேட்டாள்.

"கிளையை யார் கொண்டாந்தது?"

"பேர் சொல்லலை. 'என்ன மரம்னு எனக்குத் தெரியாது, அதான் இலை, பூ, காயோட அறுத்துக் கொண்டாந்தேன்'னார். ரம்பம் கையைக் கிழிச்சிருக்கு. தையல் போடலாம்னா, குழந்தைக்கு என்னன்னு தெரியாம நகர மாட்டேங்கறார். போய்ச் சொல்லுங்க."

வெளியே வந்தேன். பெஞ்சில், கைக்குட்டை சுற்றிய கையோடு, பூட்டுக்கடைக்காரர்.